பின்னாசனத்துக்கும் காற்று

சிலாபத்துப் பாலத்தைக் கடந்து தென்னந்தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில், காரின் பின்பக்கத்துக்குக் காற்றுப் போகவிடும் பொத்தானை அழுத்துவதற்காக மஸாஹிர் இடது கையை நீட்டினான். அழுத்தத் தேவை இருக்கவில்லை. திரையில் தெரியும் சின்னக் கார்ப் படத்தில், பின்னாசனத்தை நோக்கிய நீல அம்புக்குறி தானாகவே எரிந்துகொண்டிருந்தது.

நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு அவன் கொஞ்சத் தூரம் ஓட்டினான். பின்னாசனம் என்று இப்போது ஒன்றும் இல்லை. அதை மடித்துச் சாய்த்து, மேலே பாய் விரித்து, பாயின்மேல் ஹாஜராவின் ஜனாஸாவைக் கிடத்தியிருந்தார்கள். தலை முன்பக்கம், இடது கண்ணாடியோரம். கால் பின்கதவுப் பக்கம். குளிப்பாட்டி, கபன் துணியால் சுற்றிக் கட்டி, அதற்கு மேல் ஒரு பச்சைப் போர்வை. கற்பூரமும் அத்தரும், இன்னும் முழுதாகக் காயாத தலைமுடியின் ஈர வாசமும் சேர்ந்து அடைத்த கண்ணாடிகளுக்குள் சுற்றிச் சுற்றி வந்தன.

ஹாஜரா ஆலங்குடாக்காரி. நீர்கொழும்பில் தங்கச்சி வீட்டுக்குப் போன இடத்தில் காலையில் மயங்கி விழுந்தாள். வந்து பார்த்த டொக்டர் முடிந்துவிட்டது என்று சொல்லிக் கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மய்யித்தை அடக்குவதைச் சுணக்கக் கூடாது என்று, நண்பகல் லுஹருக்கு முன்னமே எல்லாம் முடித்து ஒரு தொழுகையும் தொழுதுவிட்டார்கள். பள்ளிவாசலின் ஜனாஸா வான் வேறெங்கோ போயிருந்தது, அதற்காகக் காத்திருந்ததில் நேரம் போயிற்று. விமான நிலையத்தில் ஆளை இறக்கிவிட்டுப் புத்தளத்துக்கு வெறுங்காராகத் திரும்ப இருந்த மஸாஹிர் அகப்பட்டான். அவனுடைய காரின் ஏசிக்கு அந்தப் பக்கமெல்லாம் நல்ல பெயர்.

முன்னால் போகிற வெள்ளை வாகனத்தில் ஹாஜராவின் புருஷன் ஜபார் இருந்தார். மனைவிக்குப் பக்கத்தில் இருந்தால் தாங்கமாட்டார் என்று அவரைப் பிரித்து ஏற்றியிருந்தார்கள். பின்னால் ஒரு வான் நிறையப் பெண்கள், அவளுடைய உம்மா உட்பட. நடுவில் மஸாஹிர். அவனுக்குப் பக்கத்தில் ஜபாரின் மூத்த சகோதரர் சாஹுல் ஹமீது, கருவாட்டு மொத்த வியாபாரி, பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர், நல்ல மனிதர். சிலாபம் வரைக்கும் ஏசியை உச்சக் குளிரில் வைத்திருந்தார்கள். முழங்கால் உளைகிறது என்று சாஹுல் ஹமீது சொன்ன பிறகுதான் மஸாஹிர் பதினெட்டுப் பாகையில் வைத்து, கார் தானே பார்த்துக்கொள்கிற ஓட்டோவில் போட்டான். ஓட்டோவில் போட்டால் பின்பக்கம் அடைபட்டுவிடும், அதை நாம்தான் திறந்துவிட வேண்டும் என்று நினைத்துக் கையை நீட்டியபோதுதான் இந்த அம்புக்குறி.

அவனுக்கு அந்தக் காரைத் தெரியும். ஜப்பானில் இருந்து இறக்கிய கார், எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து, ஆனால் படங்களைப் பார்த்துப் பார்த்தே அதன் குணம் முழுவதையும் படித்து வைத்திருந்தான். வாடகை ஹயரில் ஏறுகிறவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் விளக்கம் சொல்லுவான். முன் கண்ணாடிக்குக் கீழே கறுப்புக் குமிழ், அது வெயிலை அளக்கிறது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சின்னத் துளைகள், அவை உள்ளே இருக்கிற காற்றை மெல்ல உறிஞ்சிச் சூடு பார்க்கின்றன. முன்பக்கம் வலைக்குப் பின்னால் இன்னொன்று, வெளிச் சூட்டுக்கு. எத்தனை பாகை என்று மட்டும் கொடுத்துவிட்டால் போதும், குளிரையும் சூட்டையும் எந்த அளவில் கலப்பது, காற்றாடியை எவ்வளவு வேகத்தில் சுற்றுவது என்பதையெல்லாம் கார் தானே பார்த்துக்கொள்ளும் என்பான். கடைசியாகத் தலைக்கு மேலே கூரையைக் காட்டுவான். அங்கே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண் இருந்தது. உள்ளே இருக்கிறவர்களின் உடம்புச் சூட்டைப் பார்க்கிற கண். எந்த ஆசனத்தில் ஆள் இருக்கிறதோ அந்த ஆசனத்துக்குத்தான் காற்று. ஆள் இல்லாவிட்டால் வீண் செலவு என்று கார் அந்த வழியை அடைத்துவிடும்.

போன ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் ஆடு ஒன்றை ஏற்றி வந்தபோது, அந்தக் கண் ஆட்டையும் ஆளாக எண்ணிப் பின்னாசனத்துக்குக் காற்றை விட்டது. அதை அவன் வீட்டில் போய்ச் சொல்ல, மனைவி முஃபீதா ஊர் முழுக்கப் பரப்பி, அவனுக்கு ஆட்டுக்கு ஏசி போட்டவன் என்று பெயரே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருமுறை, கொழும்பில் மௌத்தான ஒரு வயோதிபரைக் கற்பிட்டிக்கு இதே போலக் கிடத்திக் கொண்டுவந்தான். அன்றைக்குப் பின்பக்க அம்புக்குறி எரியவேயில்லை. ஊர் வந்து சேரும்வரை அவன்தான் பொத்தானை அழுத்தி அழுத்திப் பின்னால் குளிரை அனுப்பினான். கார் மய்யித்தை ஆளாக எண்ணாது.

வெயில்தான், என்று மஸாஹிர் தனக்குச் சொல்லிக்கொண்டான். வடக்கே போகிறோம், பின்னேர வெயில் இடப்பக்கமாக ஜன்னலில் விழுகிறது, போர்வை சூடாகியிருக்கும், பாவம் அந்தக் கண் ஏமாந்துவிட்டது. சொன்னதும் மனம் கொஞ்சம் இலேசாகிற்று. ஆனாலும் முகம் துடைக்கிற சாக்கில் கைலேஞ்சியை எடுத்து, அதே கையோடு கூரையில் இருந்த கண்ணையும் துடைத்தான். துணி மறைத்தபோது அம்புக்குறி அணைந்தது. துணியை எடுத்ததும் வழக்கம்போலச் சற்று யோசித்துவிட்டு, மறுபடி எரிந்தது.

சாஹுல் ஹமீது அதைக் கவனிக்கவில்லை. அவர் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டு, தம்பி மனைவியின் நல்ல குணங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். அயலில் யாருக்குப் பசி என்றாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியுமாம். ஒரு தொழுகையைத் தவறவிட்டதில்லையாம். பேச்சு வளர்ந்து இன்றைய காலையில் வந்து நின்றது.

“குளிப்பாட்டினவங்க சொல்லிச் சொல்லி அழுதாங்க தம்பி,” என்றார். “கை கால் கொஞ்சமும் வெறைக்கல்லயாம். பச்சப் புள்ளட மாதிரி இளகியே இரிந்திச்சாம். நெத்தியில வேர்வ. தொடைக்கத் தொடைக்கத் திரும்ப வந்திச்சாம். நல்லவங்கட மௌத்து அப்படித்தான்.”

மஸாஹிர் ஓம் என்று தலையாட்டினான். அவனும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சுத்தான் அது. மூமினின் நெற்றியில் வியர்வை, இளகிய உடம்பு, ஒளி விழுந்த முகம். ஒவ்வொரு மௌத்து வீட்டிலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லுவார், கேட்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். இன்றைக்கு அவன் திரையைப் பார்த்தான். விறைக்காத கை. நிற்காத வியர்வை. எரிகிற அம்புக்குறி. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவன் விரும்பவில்லை. அவை தாங்களாகவே ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொண்டன.

முந்தல் ஊர் வந்ததும் டயரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் காரை ஓரங்கட்டினான். முன்னால் போன வாகனமும் நின்றது, பின்னால் வந்த வானும் நின்றது. எல்லாக் கண்ணாடிகளுக்குள் இருந்தும் முகங்கள் அவனையே பார்த்தன. டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கட்டு அவிழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பவன் போலப் பின்கதவைத் திறந்தான். பாதங்கள் துணிக்குள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அந்நியப் பெண், முகத்தை அவன் பார்க்கக் கூடாது, தொடவும் கூடாது. பிஸ்மி சொல்லி, கட்டை இறுக்குவது போல, துணியின் மேலாகப் பெருவிரலைத் தொட்டான். ஐஸ் பெட்டி மீன் போலக் குளிர்ந்திருந்தது.

அந்தக் குளிர் அவனுக்கு எவ்வளவு நிம்மதியைத் தந்தது என்று சொல்ல முடியாது. இறந்தவளைத் தொட்டுச் சந்தோஷப்பட்ட தன்னை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. ஏறி உட்கார்ந்து, இதோ போகலாம் நானா என்று சாஹுல் ஹமீதிடம் சத்தமாகவே சொன்னான். சிரிப்புக்கூட வரப் பார்த்தது. கார் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான், சிலாபம் வரைக்கும் ஏசி உச்சக் குளிரில் உறைய வைத்த காருக்குள் கிடந்த எவருடைய கால்விரலும் அப்படித்தான் குளிர்ந்திருக்கும் என்பது அவனுக்கு உறைத்தது.

அப்போதுதான் அந்தச் சத்தமும் கேட்டது. டிக். டிக். டிக். பின்பக்கம், பாய்க்குக் கீழே எங்கோ. அதையும் அவன் அறிவான். குளிர் வழிக்கும் சூட்டு வழிக்கும் நடுவில் இருக்கிற தகட்டைச் சின்ன மோட்டர் ஒன்று திருப்புகிற சத்தம். அது முன்பக்கத் தகடு இல்லை. அவனுடைய முகத்தில் அடித்த காற்றில் ஒரு மாற்றமும் இல்லை. அவன் ஆசனத்துக்குப் பின்னால் கையை விட்டு, பின்னால் காற்று வருகிற இடத்தில் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தான்.

இளஞ்சூடு.

பின்னால் இருக்கிற ஆளுக்கு அளவுக்கு மிஞ்சிக் குளிர்கிறது என்று கார் கண்டுபிடித்து, பின்பக்கத்துக்கு மட்டும் சூட்டைக் கலந்துகொண்டிருந்தது. முஃபீதாவின் உம்மாவை ஏற்றி வந்த நாட்களில் இப்படிச் செய்திருக்கிறது. வயதானவர், இரத்த ஓட்டம் குறைந்தவர், சட்டென்று குளிர்ந்துவிடுவார். அப்போதெல்லாம் அவன் காரைத் தட்டிக் கொடுத்துப் புகழ்ந்திருக்கிறான். இன்றைக்கு உள்ளங்கையில் பட்ட அந்தச் சூடு முழங்கை வரைக்கும் ஏறியது. கையை இழுத்து உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான்.

பாலாவிச் சந்தி வந்தது. நேரே போனால் புத்தளம், ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சத் தூரம்தான். இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டி வீதி, ஆலங்குடா, அடக்கம் செய்கிற மையவாடி. வெள்ளை வாகனம் இடப்பக்க விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பியது. மஸாஹிர் வேகத்தைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். நேரே போ, என்று ஒரு குரல் அவனுக்குள் தெளிவாகச் சொன்னது. என்னத்துக்கு என்று கேட்டால் கார் சரியாக ஓடவில்லை என்று சொல், எதையாவது சொல், போய் அந்த வாசலில் நிறுத்து. பின்னால் வந்த வான் மெதுவாக ஹோர்ன் அடித்தது.

“இடது தம்பி,” என்றார் சாஹுல் ஹமீது.

உங்கட வாய்க்கு யார் பூட்டுப் போட்ட என்று முஃபீதா அவனைக் கேட்காத நாள் இல்லை. தவறான சில்லறையைத் திருப்பிக் கேட்கவே தயங்குகிற ஆள். ஸ்டியரிங் அவன் கையில்தான் இருந்தது. அது இடப்பக்கம் திரும்பியது.

இப்போது கார் மேற்கு நோக்கிப் போனது. உப்பளங்களின் வெள்ளை கண்ணைக் குத்த, சூரியன் நேரெதிரே நின்று முன் கண்ணாடியை மட்டும் சுட்டது. பின்பக்கக் கறுப்புக் கண்ணாடிகளில் வெயில் துளியும் இல்லை. பச்சைப் போர்வை நிழலில் கிடந்தது. அம்புக்குறி எரிந்தது. வெயிலைச் சொல்லித் தப்புகிற வழியும் அடைபட்டுவிட்டது.

நுரைச்சோலைக் காற்றாலைகள் தெரியத் தொடங்கியபோது அவனால் அடக்க முடியவில்லை.

“நானா, ஒண்டு சொல்லணும். கோவிக்கப்படாது.” கூரையைக் காட்டினான். “இந்தக் கண் சூடுள்ள ஒடம்பத்தான் எண்ணும். மய்யித்த எண்ணாது. சிலாபத்தில இருந்து எண்ணிக்கிட்டு வருது.”

தஸ்பீஹ் மணிகள் நின்றன. சாஹுல் ஹமீது திரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பின்னால் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கோபிப்பார் என்று மஸாஹிர் எதிர்பார்த்தான். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருடைய குரல் மிகவும் தணிந்திருந்தது.

“டொக்டர் பாத்திட்டார். பொம்பளையள் குளிப்பாட்டியாச்சு. இப்ப ரோட்டுல வச்சு அந்நிய ஆம்புள நாம ரெண்டு பேரும் அவட முகத்தத் தொறக்கவா?”

பெண்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்று மஸாஹிர் முணுமுணுத்தான்.

“அந்த வானுக்க அவட உம்மா இரிக்கா. மகளுக்கு உசிரு இரிக்கலாமெண்டு போய்ச் சொல்லி, தொறந்து பாத்து, இல்லாமப் போனா? அந்த மனிசிய நீ என்ன செய்யப் போறா?”

நீங்க என்று பேசி வந்தவர் நீ என்றதை அவரே உணரவில்லை. அவர் சொன்னது நியாயமாகவும் இருந்தது, அதுதான் பயங்கரம். ஒரு தாய்க்கு மகளைத் திருப்பிக் கொடுத்து, அந்த இடத்திலேயே மறுபடி பிடுங்குவதா? ஒரு அம்புக்குறியை நம்பியா? அவன் ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள் சாஹுல் ஹமீது கையை நீட்டி ஏசியை நிறுத்தினார்.

திரை இருண்டது. காற்றாடி சுற்றிச் சுற்றி மெலிந்து நின்றது.

அது நிற்கும்வரை காருக்குள் எவ்வளவு இரைச்சல் இருந்தது என்று மஸாஹிருக்குத் தெரியாது. இப்போது டயருக்குக் கீழே மணல் நெரிகிற சத்தம். தூரத்துக் காற்றாலை. சாஹுல் ஹமீதின் மூச்சு. அவனுடைய மூச்சு.

இன்னொன்று.

மெல்லிய துணி உள்ளே இழுபடுகிற சத்தம். விடுபடுகிற சத்தம். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. அவன் எண்ணாமல் இருக்கப் பார்த்தான். மறுபடி, இழுபட்டது. விடுபட்டது.

பின்பார்வைக் கண்ணாடியில் இடது ஜன்னல் தெரிந்தது. ஏசியை நிறுத்தினால் குளிர்ந்த கண்ணாடிகள் வேர்ப்பது வழமைதான். எல்லாக் கண்ணாடியும் ஒரே மாதிரி வேர்க்கும். இங்கே ஒரு கண்ணாடியில் மட்டும், தலை கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கைவிரிப்பு அளவுக்குப் பனிமூட்டம் போலப் புகார். அது சுருங்கியது. பிறகு கொஞ்சம் பெருத்தது. அவன் பின்பார்வைக் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டான்.

நானா, என்று கூப்பிட நினைத்துப் பக்கத்தில் பார்த்தான். சாஹுல் ஹமீதின் முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. நெற்றி முழுக்க வியர்வை. கண்களை இறுக மூடியிருந்தார். அவருக்கும் கேட்டிருந்தது. அதில் சந்தேகமே இல்லை. ஒருகணம் அவருடைய கை கதவின் பிடியைத் தேடிப் போனது. பிறகு மடியில் விழுந்தது. அவர் வாயைத் திறந்து யாஸீன் ஓதத் தொடங்கினார். மெல்ல இல்லை. பள்ளியில் முன்னால் நின்று ஓதுகிறவர் போல, காரே அதிர, இடைவெளி விடாமல், மூச்சு வாங்க வேண்டிய இடத்திலும் வாங்காமல்.

ஆலங்குடா வரைக்கும் அவர் நிறுத்தவில்லை.

பள்ளி வாசலில் சனம் நின்றது. கார் நிற்பதற்கு முன்னமே பின்கதவு திறபட்டது. கைகள் நீண்டன. ஹாஜரா காரில் இருந்து சந்தூக்குப் பெட்டிக்கு மாறியது கண் இமைக்கிற நேரம்தான், தோள்கள் அதைத் தூக்கிக்கொண்டன. இந்தப் பக்கம் சனங்களுக்கு ஜனாஸாவின் கீழே தோள் கொடுக்க ஒருவரை ஒருவர் முந்துகிற பழக்கம், நன்மையில் பங்கு வேண்டும். மஸாஹிர் அந்த நெரிசலுக்குள் இடிபட்டு, தள்ளுப்பட்டு, எப்படியோ ஜபாரைப் பிடித்துவிட்டான். கன்னம் ஒட்டிய, அழுது அழுது கண் வீங்கிய மனிதர். மஸாஹிரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, என்ட மனிசியப் பத்திரமாக் கொண்டு வந்தீங்க தம்பி, என்று அவர் விம்மினார்.

“அவங்கட முகத்த இன்னொரு தரம் பாருங்களேன்,” என்றான் மஸாஹிர். அவ்வளவுதான் வந்தது.

பார்த்தாயிற்று, ஒளியாக இருந்தது என்று ஜபார் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சனம் அவரை இழுத்துக்கொண்டு போனது. மஸாஹிருக்கும் பின்னால் ஆட்கள், இருபுறமும் ஆட்கள். நிற்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. தொழுகை வரிசைக்குள் அவன் தள்ளப்பட்டான். குனிகிற ருகூவும் நெற்றி வைக்கிற சுஜூதும் இல்லாத, நின்ற நிலையிலேயே முடிகிற தொழுகை. அது அவ்வளவு குறுகியது என்று அவன் இதற்கு முன் நினைத்ததில்லை.

மையவாடி கடற்கரையோரம், மணல் நிலம். கபுறுக் குழியின் பக்கங்கள் சரியாமல் இருக்கப் பலகை அடித்திருந்தார்கள். வேலிகளுக்கு அப்பால் அலை இரைந்தது, மஃரிப் தொழுகைக்கு முந்திய சிவப்பு எல்லார் முகத்திலும் பூசியிருந்தது. ஜபார் உள்ளே இறங்கினார். கீழே வாங்கிக் கிடத்தி, கபனின் கட்டுகளைத் தளர்த்தி, கன்னம் மணலில் படும்படி முகத்தை மக்காவை நோக்கிய கிப்லாப் பக்கம் திருப்ப வேண்டும். அதைச் செய்யக் குனிந்தவர் நிமிரச் சுணங்கினார். மேலே நின்றவர்கள் பொறுமையாக நின்றார்கள். மஸாஹிர் குழியின் ஓரத்துக்கு நகர்ந்தான். பார், என்று மனசுக்குள் மன்றாடினான். இப்போதாவது பார். நீ பார்க்கலாம், உனக்கு மட்டும்தான் பார்க்கலாம்.

ஜபார் நிமிர்ந்தார். கண்ணீர் வழிந்தது, ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

“இன்னும் இளகித்தான் இரிக்கா,” என்றார்.

சுபுஹானல்லாஹ் என்று மேலே பலர் சேர்ந்து சொன்னார்கள். ஒரு வயதானவர் கண்ணைத் துடைத்தார். கூட்டத்தின் மறுபக்கத்தில் சாஹுல் ஹமீது நின்றார். மஸாஹிர் அவரைப் பார்த்தான். அவர் நிலத்தைப் பார்த்தார். குறுக்குப் பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. யாரோ மஸாஹிரின் கையிலும் மண்ணைத் திணித்தார்கள். மூன்று பிடி போட வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் போட்டான்.

மேட்டின் மேல் தண்ணீர் தெளித்து, தல்கீன் ஓதி, துஆவும் முடிந்தபோது பாங்கு கேட்டது. சனம் பள்ளிக்குப் போனது. மஸாஹிர் போகவில்லை. காருக்குள் ஏறிக் கதவை அடைத்தான். உள்ளே அடைபட்ட சூடு, கற்பூரம், அத்தர். வீட்டுக்குப் போக வேண்டும். முஃபீதாவிடம்கூடச் சொல்லக் கூடாது. கருவி பழுது, நாளைக்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பழுதுதான். காரை இயக்கினான். திரை வந்தது, ஓட்டோ தானாக எரிந்தது.

ஓட்டுநர் ஆசனத்துக்கு ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான்.

வெறும் பாய். வெறும் ஆசனம். பின்வழி அடைபட்டு, மெதுவாக டிக் என்று பூட்டிக்கொண்டது.

கருவி பழுதில்லை.

கதவைத் திறந்து போட்டபடி ஓடினான். செருப்பு மணலில் புதைந்து கழன்றது. முள்ளுக் கம்பி சேர்ட்டைக் கிழித்தது. வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது, ஆனாலும் தெரிந்தது. புதுக் கபுறின் பக்கத்தில் ஒருவர் இருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் ஈரமேட்டில் அழுத்தி, முழங்காலில் நின்று, உரத்து ஓதிக்கொண்டிருந்தார். சாஹுல் ஹமீது.

மஸாஹிர் அவருக்கெதிரே விழுந்து மணலைத் தோண்டினான். ஒரு பிடி. இன்னொரு பிடி. முழங்கால் உளைகிற அந்த மனிதரின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பு நொறுங்கும்படியான பிடி. அவர் ஓதுவதை நிறுத்தினார். நிறுத்திய அந்தச் சிறு நேரத்தில் அலைச் சத்தம் கேட்டது. அலைச் சத்தம் மட்டும்தான் என்று மஸாஹிர் நம்ப விரும்பினான்.

“இப்ப எடுத்தா நாமதான் கொன்ன,” என்றார். உதடு கோணியிருந்தது. “எடுக்காட்டி, அல்லாஹ்ட நாட்டம். ஓது தம்பி. சத்தமா ஓது.”

அவனுடைய கையை இழுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் மேட்டின் மேல் வைத்து, தன் கையை அதற்கு மேல் வைத்து அழுத்தினார். மறுபடி தொடங்கினார். முன்னையதிலும் உரத்து.

மஸாஹிரின் வாய் அசைந்தது. பிறகு குரல் வந்தது. இருட்டு இறங்க இறங்க இருவரும் தொண்டை கிழிய ஓதினார்கள். உள்ளங்கைக்குக் கீழே, ஈர மணல் கொஞ்சம் உள்வாங்கியது. பிறகு கொஞ்சம் எழுந்தது.